டேப்பில் இல்லாத பெயர்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் ஷாமினி. போன வாரம் கூப்பிட்டாள். "மிஸ், அடுத்த பேட்ச்ல இருந்து தனிநடிப்ப வீடியோ எடுத்து அனுப்பினா போதுமாம். ஹால் வேணாம், ஆடியன்ஸ் வேணாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். நான் சொன்னதை அப்படியே அச்சில் போட முடியாது. அவள் சிரித்துவிட்டு, "கோவப்படாம எழுதிக் குடுங்க லா மிஸ். மேனேஜ்மண்ட்கிட்ட காட்டறேன்" என்றாள். அதனால்தான் இந்தக் கட்டுரை. கோபப்படாமல் எழுத முயல்கிறேன், உத்தரவாதம் கிடையாது.

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவின் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் நாடகம் கற்பித்தேன். நன்றாகவே கற்பித்தேன். தன்னடக்கத்துக்காகப் பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அதற்கு முந்தைய கதை சின்னது. பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒன்பது வயதில் எங்கள் மெதடிஸ்ட் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரனாக நடித்தேன். "இடமில்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் மரியாளாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு டைப்பிஸ்ட் வேலை, மாலை நேர நாடகப் பட்டறைகள், கிள்ளான் மண்டபங்களில் சில மேடைகள், ஒரு டிப்ளோமா. முப்பத்து நான்கு வயதில் கல்லூரி வேலை கிடைத்தது.

என் மாணவிகள் பெரும்பாலும் பாலர் பள்ளி ஆசிரியைகள். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் சுங்கை வேயிலிருந்தும் வகுப்புக்கு வருவார்கள். கடைசிப் பருவத்தில் ஒவ்வொருத்தரும் எட்டு நிமிடத் தனிநடிப்பு ஒன்றைத் தாங்களே உருவாக்கி நடிக்க வேண்டும். எழுதி வைத்த வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற வேலை இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனிதரைத் தேடிப் போய், அவர் பேச்சைக் கேட்டு, அதிலிருந்து நாடகத்தை எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் நாள் கேள்வியே கேட்கக் கூடாது. அந்த மனிதரோடு சேர்ந்து ஏதாவது வேலை செய்ய வேண்டும், வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். இரண்டாம் நாள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். கைபேசி வந்து எத்தனையோ வருடமாகியும் நாங்கள் அதை 'டேப்' என்றுதான் சொன்னோம். ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை போய் அதே கேள்விகளைக் கேட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்ன கதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். எங்கே பேச்சு மாறுகிறதோ, எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் நாடகம் இருக்கிறது. பிறகு டேப்பைக் கேட்டுக்கொண்டே எழுந்து நடித்துப் பார்ப்போம். வசனத்தைத் தாளில் எழுதுவது கடைசி வேலை. மேடையில் ஒரு நாற்காலி, கையில் ஒரே ஒரு பொருள், அவ்வளவுதான் அனுமதி.

இந்த முறையை வகுத்தவர் எங்கள் துறைத் தலைவர் சிவபாதம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்வித் துறையில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். வாழ்நாளில் ஒரு நாடகத்திலும் நடித்தது கிடையாது. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு, ஒத்திகையில் மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் உட்காருவார். மடியில் ஸ்டாப்வாட்ச், பக்கத்து நாற்காலியில் பார்லித் தண்ணீர் பிளாஸ்க். நடிப்பு முடியும் வரை முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. முடிந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து அரை மூடி ஊற்றிக் குடிப்பார், மூடியைத் துடைப்பார், திருகுவார். அந்த ஒரு நிமிடத்தில் மாணவிகள் தங்கள் வரிகளை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒரு வரியைச் சொல்லி, "இது டேப்பில இருக்கோ, இல்லாட்டி உங்கட தலையில இருக்கோ?" என்பார்.

இந்தக் கேள்விக்காகவே அவர் இரண்டு பென்சில் வைத்திருந்தார். டேப்பில் கேட்ட வரிகளை நீலத்தில் எழுத வேண்டும். ஒத்திகையில் நாமாகக் கண்டெடுத்ததைச் சிவப்பில் எழுத வேண்டும். நாடகத்துக்குச் சிவப்பும் தேவை, அதை அவர் மறுக்கவில்லை. எது எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக 'உரியவர் பார்வை'. கதைக்குச் சொந்தக்காரர் வெறும் ஹாலில் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்காத வரியை அடிக்கச் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அவரை ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. நாடகம் தெரியாதவர் நாடகத் துறைக்குத் தலைவரா என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்திருக்கிறேன். என் பலம் ஒத்திகைத் தளத்தில் இருந்தது. ஒரு மாணவி எங்கே பூசி மெழுகுகிறாள், எங்கே உண்மையாக இருக்கிறாள் என்று பின்னாலிருந்து முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். காஜாங்கிலிருந்து வந்த ஒருத்தி டோல் சாவடியில் வேலை செய்த பெண்ணின் கதையை எடுத்தாள். ஐந்தாம் நிமிடத்தில் பொல பொலவென்று அழுவாள், கூட இருக்கிறவர்களும் மூக்கை உறிஞ்சுவார்கள். "நீயே அழுதிட்டா அவங்க எதுக்குமா அழணும்? அந்த அக்கா டேப்ல அழுதாங்களா?" என்று கேட்டேன். இல்லை, சிரித்தாராம். சிரிக்கச் சொன்னேன். பரீட்சை அன்று வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி வரிசையாக வெற்றி வந்ததில் எனக்குத் தலைக்கனமும் வந்தது. நீலம் சிவப்பெல்லாம் குமாஸ்தா வேலை என்று என் வகுப்பில் மெல்லக் கைவிட்டேன். கறுப்பு மையில் டைப் அடித்துக் கொடுத்தால் போதும் என்றேன்.

அந்த நேரத்தில்தான் ஜெசிந்தா வந்தாள். சுங்கை வேக்காரி, முப்பத்து நான்கு வயது. அவளை வளர்த்தது அவளுடைய பெரியம்மா ஆரோக்கியமேரி. மேரி அக்கா அந்தப் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ட்வீசர் இடுக்கியால் பிடித்து வேலை செய்தவர். கடைசியில் அவருடைய வரிசைக்கு லைன் லீடர். ஜெசிந்தா பெரியம்மாவின் கதையையே எடுத்தாள். கையில் ஒரு ட்வீசர்.

டேப் அருமையாக இருந்தது. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது, லைன் லீடர்களைக் கூப்பிட்டு, யார் யாரை நிறுத்தலாம் என்று பெயர் கேட்டிருக்கிறார்கள். மேரி அக்கா சொல்கிறார்: "பேப்பர் குடுத்தாங்க. பேரு எழுதுன்னாங்க." அதன் பிறகு நாற்பத்தொரு விநாடிகளுக்குப் பேச்சே இல்லை. பிறகு, "அப்புறம் பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்." இரண்டாவது பதிவிலும் அதே இடத்தில் அதே மௌனம்.

மௌனத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. "அந்த இடத்துல ஒரு பேரப் போட்டுப் பாரு. ரொம்ப வேண்டியவங்க பேரா இருக்கட்டும்" என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. ட்வீசரைப் பேனா மாதிரிப் பிடித்து, "மொத பேரு லெச்சுமி. கை நடுங்கல. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள். "அப்படியே வெச்சுக்கோ" என்றேன். லெட்சுமி, மேரி அக்காவின் உயிர்த் தோழி. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர், பாசாருக்குக் காய்கறி வாங்கக்கூட இருவரும் சேர்ந்தே போவார்கள். அந்த ஆள் குறைப்பில் லெட்சுமிக்கும் வேலை போனது என்பது டேப்பில் இருந்தது. அதனால் அந்த வரி அச்சாகப் பொருந்தியது.

அடுத்த ஆறு வாரம் அந்த வரியைச் சுற்றியே நாடகத்தைக் கட்டினோம். ஆறாவது வாரம் முடிவதற்குள், அது நாங்கள் போட்ட வரி என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. வெளி ஆட்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நூறு தடவை நடித்ததை மனது நடந்ததாகவே வைத்துக்கொள்ளும். தாளில் இருந்ததோ எல்லாமே கறுப்பு மை. அந்தத் தாள்தான் வெளித் தேர்வாளருக்கும் போயிற்று.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன் உரியவர் பார்வை. மேரி அக்கா நல்ல சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக்ரோஸ்கோப் பகுதியில் சிரித்தார், சூப்பர்வைசரைப் பழித்துக் காட்டியதில் கை தட்டினார். அந்த வரி வந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை ஓரத்தில் நின்று பார்த்தேன். வரி வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பூரித்தேன். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முடிந்ததும் அவர் ஜெசிந்தாவைப் பார்த்து, "நான் லெச்சுமி பேர எழுதல" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, இது நாடகம். பாக்கிறவங்க எல்லாத்தையும் நெசமுன்னு எடுத்துக்க மாட்டாங்க."

"மிஸ், பேக்டரி நெசம், என் தொப்பி நெசம், நான் கொண்டு போற சோத்து டப்பாகூட நெசம். அது ஒண்ணு மட்டும் பொய்யின்னு லெச்சுமிக்கு யாரு சொல்லுவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, லெட்சுமி பரீட்சை அன்று ஹாலில் இருப்பார். தன்னைப் பற்றி நாடகம் போடுகிறார்கள் என்று மேரி அக்கா பூரிப்போடு முதல் ஆளாகக் கூப்பிட்டது அவரைத்தான். இப்போது வராதே என்றால் ஏன் என்று கேட்பார். ஜெசிந்தா என் பக்கம் திரும்பி, "மிஸ், அது பெரியம்மா சொன்னதா, நான் சொன்னதா?" என்றாள்.  டேப்பைப் போட்டோம். நாற்பத்தொரு விநாடி. லெட்சுமியும் இல்லை, நடுக்கமும் இல்லை, பயமும் இல்லை.

மேரி அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார். "மூணு பேர எழுதுனேன். லெச்சுமி பேரு ஆபீஸ்லருந்து வந்துச்சு. ஆனா ஒன் பேர எழுதலன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? அப்ப யாரு பேர எழுதுனேன்னு கேப்பாளே. அந்த மூணு பேர்ல ஒருத்தி ஞாயித்துக்கெழம கோயில்ல எனக்கு முன் பெஞ்சுலதான் உக்காருறா." பெயர் எழுதினேன் என்பதையே அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. லெட்சுமி வரியையும் வேண்டாம் என்றார், மூன்று பெயர் விஷயத்தையும் வேண்டாம் என்றார். (இந்தக் கட்டுரையையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை அடித்தார். இப்போது இருப்பது அவர் விட்டு வைத்தது.)

நாடகத்தின் நடுவில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. தேர்வாளர் கையில் இருக்கும் தாளை மாற்ற வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை சிவபாதம் சார் அறைக்குப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் படி ஏறியதில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், பென்சில்களை விட்டதையும் சொன்னேன். அவர் பிளாஸ்க்கைத் திறந்தார், குடித்தார், மூடியைத் துடைத்தார்.

"அந்த இடத்தில டேப்பில என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல, சார்."

"அப்ப ஒண்டும் இல்லாததை நடிக்கச் சொல்லுங்கோ."

கையெழுத்துப் போட்டார். நான் எழுந்தபோது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீலப் பென்சிலும் ஒரு சிவப்புப் பென்சிலும் எடுத்து என் பக்கம் தள்ளினார். "முழுத் தாளையும் திரும்ப எழுதுங்கோ. அந்தப் பிள்ளை இல்லை, நீங்கள்." ஐம்பது வயதில் இம்போசிஷன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். சிவப்பு நான் நினைத்ததைவிட நிறையவே இருந்தது.

ஒன்றும் இல்லாததை நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. ஜெசிந்தாவால் பத்து விநாடி தாண்ட முடியவில்லை. மனதுக்குள் எண்ணினாள், எண்ணுவது முகத்தில் தெரிந்தது. சோகமாகப் பார்த்தாள், அது அதைவிட மோசமாக இருந்தது. வியாழக்கிழமை டேப்பை மறுபடி போட்டு, ஒலியை முழுக்க ஏற்றினோம். அந்த மௌனத்துக்குள் டிங் டிங்கென்று ஒரு சின்னச் சத்தம். மேரி அக்கா ஆறிப்போன டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். "அவங்க சும்மா இல்ல ஜெசி. ஒரு வேலைய விடாம செஞ்சிட்டு இருந்திருக்காங்க" என்றேன். அவள் ட்வீசரை எடுத்து மடியில் நேராக வைத்தாள். கோணலாக இருந்ததுபோல் மறுபடி நேராக்கினாள். மறுபடியும். கைக்கு வேலை கிடைத்ததும் முகம் தானாக வாயை மூடிக்கொண்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயில் ஹாலில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பரீட்சை. இரண்டாவது வரிசையில் மேரி அக்காவும் லெட்சுமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லெட்சுமி தடித்த கண்ணாடி போட்ட குள்ளமான அம்மாள், ஒரு சிரிப்பையும் விட்டு வைக்கவில்லை. மேரி அக்கா சிரிக்கவே இல்லை. நான் பக்கவாட்டில் திரை ஓரத்தில் நின்றேன். 

"பேப்பர் குடுத்தாங்க. பேரு எழுதுன்னாங்க" என்றாள் ஜெசிந்தா. ட்வீசரை மடியில் நேராக வைத்தாள்.

ஹாலில் முதலில் யாரோ இருமினார்கள். அப்புறம் இருமலும் நின்றுவிட்டது. ஜெசிந்தா நேராக்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் சிவபாதம் சாரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சில் இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. லெட்சுமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேடையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த மேரி அக்காவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இரண்டு கைகள் கைப்பையின் வாரை நேராக்கிக்கொண்டிருந்தன.

"அப்புறம் பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்."

ஜெசிந்தா நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். மாற்றிய தாளுக்காகத் தேர்வாளர் கொஞ்சம் குறைத்தார், பரவாயில்லை. நான் அதன் பிறகு ஓய்வு பெறும் வரை இரண்டு பென்சிலையும் கீழே வைக்கவில்லை. ஷாமினி, உன் நிர்வாகத்துக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: வீடியோவில் ஜெசிந்தாவை நன்றாகவே எடுத்துவிடலாம், அவள் முகம் ஹாலில் தெரிவதைவிடத் தெளிவாகவும் தெரியும். இரண்டாவது வரிசையை எந்தக் கேமராவில் எடுப்பார்கள்? முடிந்த பிறகு தேநீர் மேசை பக்கத்தில் நான் காதால் கேட்டதை யார் கேட்டிருப்பார்கள்?

நான் கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வந்து நின்றார்கள். லெட்சுமி தட்டிலிருந்து ஒரு கறிபாப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு, ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார்.

"என் பேர எழுதுனப்பவும் இப்பிடித்தான் உக்காந்திருந்தியா?"

மேரி அக்கா கையில் கோப்பையோடு சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "ஒன் பேர நான் எழுதலடி! வேற மூணு பேர எழுதுனேன். ஒன் பேரு மேலருந்து வந்துச்சு."

"அப்பிடியா? நான் நீதான்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

"எப்பத்துலருந்து?"

"அன்னையிலருந்துதான்."

மேரி அக்காவுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம். கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார். "இத்தன வருசமாவா? பைத்தியக்காரி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

லெட்சுமி கறிபாப்பை ஒரு கடி கடித்து, மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் நான் யாரு கூட பாசாருக்குப் போறது?"